இரவல் நோட்டும் கணங்களும்

வீட்டில் உள்ள 212 புத்தகங்களையும், யார் எதை இரவல் வாங்கிப் போனார்கள் என்பதையும் நோட்டில் எழுதி வந்தேன். ஆறு வாரமாக அதை எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெறும் கட்டளைகள் போதாது, அடியில் இருக்கும் கணக்கும் புரிய வேண்டும் என்பது ஆசை.

முதல் வாரம் இரண்டு அட்டவணைகளையும் நிபந்தனை எதுவும் கொடுக்காமல் சேர்த்துக் கேட்டுவிட்டேன். புத்தகம் 212, இரவல் 31. திரையில் 6,572 வரிகள் ஓடின. 212ஐ 31ஆல் பெருக்கிப் பார்த்ததும் பொறி தட்டியது: ஒன்றில் உள்ள ஒவ்வொன்றையும் மற்றதில் உள்ள ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்க்கும் கார்டீசியன் பெருக்கல்! மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தை மறுபடி படித்தேன். கார்டீசியன் பெருக்கலின் எந்த உட்கணமும் ஓர் உறவு. தரவை அட்டவணைகளாக வைக்கும் இந்த முறையை முன்வைத்தவர் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட். அவர் 1970இல் தன் கட்டுரையில் 'ரிலேஷன்' என்றது இந்த உறவைத்தான்; இரண்டு கணங்களுக்குப் பதில் நெடுவரிசைக்கு ஒரு கணம், அவ்வளவே. அட்டவணைகளுக்கு நடுவே உள்ள தொடர்பைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒவ்வோர் அட்டவணையுமே ஓர் உறவு. அட்டவணைகளைச் சேர்க்கும் ஜாயின் (JOIN) என்பது பெருக்கிவிட்டு, பொருந்தும் வரிகளை மட்டும் வடிகட்டி எடுப்பது.

அதே பாடத்தில் அடுத்து வரும் சார்பும் (ஒன்றைக் கொடுத்தால் ஒரே ஒரு விடை) கைகொடுத்தது. ஒரு நண்பரின் போன் எண் மாறியபோது இரவல் அட்டவணையில் நான்கு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. எண் ஆளைச் சார்ந்தது, இரவலைச் சார்ந்ததல்ல. ஆட்களுக்குத் தனி அட்டவணை போட்டேன்.

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்தது நல் (NULL), அதாவது மதிப்பு எழுதாத காலிக் கட்டம். 'இதுவரை யாருக்கும் கொடுக்காத புத்தகங்கள் எவை?' என்று, 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' எனப் பொருள்படும் நாட் இன் (NOT IN) போட்டுக் கேட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. அலமாரியில் அத்தனை புத்தகங்கள் கண்ணெதிரே இருக்கின்றன! இரண்டு மாலை தேடிய பிறகு, இரவல் அட்டவணையில் ஒரே ஒரு வரியில் புத்தக எண் காலியாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். காகிதத்தில் விரித்து எழுதினேன்: 7ஆம் புத்தகத்தின் எண் இரவல் பட்டியலில் உள்ள 5க்குச் சமமில்லை, சரி. 9க்குச் சமமில்லை, சரி. நல்லுக்குச் சமமில்லையா? அது என்ன எண் என்றே தெரியாதே. உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது மதிப்பு இங்கே வருகிறது. உண்மையோடு தெரியாததை 'மற்றும்' போட்டுச் சேர்த்தால் தெரியாது. வரிகளை வடிகட்டும் WHERE நிபந்தனையோ உண்மையை மட்டும்தான் உள்ளே விடும். ஆக, ஒரு காலிக் கட்டம் கொடுக்காத புத்தகங்கள் அத்தனையையும் வெளியே தள்ளிவிட்டது. 'இதற்கு இரவல் வரி ஒன்றும் இல்லை' எனக் கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) என்று மாற்றினேன், 187 வந்தது. அந்த நெடுவரிசையில் இனி காலி விட முடியாதபடியும் செய்துவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது: ஒரு தொடர்கதையின் நான்கு பாகங்களையும் வாங்கிப் படித்தவர் யார்? உறவுகளை வைத்துக் கணக்குப் போடும் உறவு இயற்கணிதத்தில் இதற்கு வகுத்தல் என்று பெயர். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) அதற்கென்று தனிக் கட்டளை இல்லை. 'அவர் வாங்காத பாகம் என்று ஒன்று இல்லை' என இரண்டு முறை மறுத்துக் கேட்க வேண்டும். நேற்று இரவு உள்ளே இருக்கும் மறுப்பு மட்டும் சரியாக வந்தது.