பிபிஎம் கசிவின் அளவு அல்ல

மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள். உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. அதனால் எரிவாயுவின் முக்கிய கூறான மெதேனின் கசிவை அளக்கும் வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் வளைகுடா நாடுகளில்தான் முதன்முதலாக வால்வில் புரோப்பை, அதாவது கருவியின் உணர்முனையை, வைக்கிறார். அங்கே அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று: திரையில் 10,000 பிபிஎம் என்றால் பெரிய கசிவு, 600 என்றால் சின்னது என்று எழுதிவிடுவது.

பிபிஎம் என்பது காற்றின் பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு என்ற செறிவு மட்டும்தான். எத்தனை கிலோ போகிறது என்று அது சொல்லாது. வீட்டுக் கோடியில் சாணி போடும் உயிர்வாயுத் தொட்டியிலேயே இதைப் பார்க்கலாம். ஒரே வெடிப்பு, காற்று விழுந்த விடியப்புறம் ஒரு எண் காட்டும். சோளகக் காற்று எழும்பிய மத்தியானம் அதில் சிறு பங்குதான் காட்டும். வெடிப்பு மாறவில்லை, காற்றுத்தான் மாறியது.

புரோப்பை மூட்டின் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். எண் ஏறும் இடத்தில், கருவி பதில் தர எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நிற்க வேண்டும். அவசரப்படுபவர் கைவிடுவது இந்தச் சில செக்கன்களைத்தான். வாயுவை எரித்து அளக்கும் வினையூக்கி சென்சருக்கு சிலிக்கோன் ஸ்பிரே நஞ்சு. பட்டபின் கசிவிருந்தும் எண் ஏறாது. மெதேன் மிகக் கூடினால் ஒட்சிசன் போதாமல், ஏறிய எண்ணே கீழே இறங்கும். அந்த இறக்கத்தை நல்ல செய்தி என்று எடுப்பதைவிட ஆபத்து வேறில்லை.

கிலோ வேண்டுமென்றால் பை. 50 லீற்றர்ப் பையைக் காற்றில்லாமல் நசுக்கி, கசிவைச் சுற்றிப் பிடித்து, நிரம்பும் நேரத்தை மூன்று முறை எடுக்க வேண்டும். 25 செக்கன் என்றால் மணிக்கு 7.2 கனமீற்றர். 30 பாகை செல்சியசில் தூய மெதேன் கனமீற்றருக்கு ஏறத்தாழ 0.65 கிலோ, ஆக மணிக்கு 4.7 கிலோ. சாதாரண பொலித்தீன் வேண்டாம், நிலைமின் பொறி வரும். மெதேன் காற்றில் 5 முதல் 15 வீதம் வரை வெடிக்கும்.

அகச்சிவப்புக் கமராவுக்கு வாயுவும் பின்னணியும் ஒரே வெப்பத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டடி நகர்ந்து வானத்தைப் பின்னணியாக்கினால் அதே கசிவு புகைபோலத் தெரியும். ஆகவே 'கசிவில்லை' என்று எழுதுமுன் தூரம், காற்று, பின்னணி மூன்றையும் பதிய வேண்டும்.

கைக்கெட்டிய ஃபிளாஞ்சுகளை (குழாய்களை இணைக்கும் வளைய மூட்டுகளை) வரிசையாகப் பார்த்துவிட்டு, ஏணி வேண்டிய தொட்டி மூடியை விட்டுவிடுவதும் வழக்கம். திறந்து கிடக்கும் அந்த மூடியும், மிஞ்சும் வாயுவை எரிக்கும், ஆனால் அணைந்துபோன ஃபிளேரும் நூறு வால்வுகளின் கணக்கை ஒரு நாளில் முந்தக்கூடியவை. ஏறுமுன் சட்டையில், ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயுவைக் காட்டும் மானி இருக்க வேண்டும், காற்று வரும் பக்கமாகத்தான் ஏற வேண்டும்.