அம்மாவின் வால்வும் ஒரு வெறும் சீடியும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. போன வருடம் வரைக்கும் அம்மா மரக்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறி வந்துவிடுவார். பிறகு இரண்டாம் மாடியில் நிற்கத் தொடங்கினார், அப்புறம் முதலாம் மாடியிலேயே. வயது 78 தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரவில் மூன்று தலையணை அடுக்கி, இருந்தபடியே நித்திரை கொள்வதைப் பார்த்த பிறகுதான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன், எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரிதழ் வால்வு கடுமையாகக் கசிகிறது என்றார். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவு அது. அதன் ஒரு இதழை இழுத்துப் பிடித்திருக்கும் நூல் அறுந்து, இதழ் மேல்பக்கம் புரண்டு நின்றது. உடம்புக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வந்து நுரையீரலை அழுத்துகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது அதனால்தான். குடும்ப வாட்ஸ்அப்பில் நான் 'வால்வு லீக்' என்று போட, மறுநாள் விடியமுதல் கனடாவிலிருந்து சித்தி "இதயத்தில ஓட்டையாமே பிள்ளை" என்று அழுதுகொண்டு எடுத்தார்.

நெஞ்சைத் திறந்து வால்வைச் சரிசெய்வதுதான் வழமை. அம்மாவின் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம். வயதும் சேர, அறுவைச் சிகிச்சையின் ஆபத்து கூட என்றார்கள். அப்போதுதான் கிளிப் பற்றிக் கதை வந்தது. இத்தாலியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒட்டாவியோ அல்பியேரி 1990களின் தொடக்கத்தில் கசியும் வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு தையலால் பிடித்துவைத்தார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசலாகும், கசிவு குறையும். அதையே நெஞ்சைத் திறக்காமல், தொடை நாளத்தின் வழியாகக் குழாய் விட்டு ஒரு சிறு கிளிப்பால் செய்கிறார்கள். அமெரிக்காவில் 2013இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

எல்லா வால்வுக்கும் இது பொருந்தாது. டொக்டர் அம்மாவிடம், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மாதாமாதம் ஊசி போட்டார்களா என்று கேட்டார். வாதக் காய்ச்சலில் பழுதான வால்வு தடித்து ஒடுங்கியிருக்கும். அதில் கிளிப் போட்டால் இன்னும் ஒடுங்கிவிடும். "எனக்கில்லை, அக்காவுக்குத்தான். ஊசி எண்டதும் கிணத்தடியில போய் ஒளிப்பா" என்றார் அம்மா. நர்ஸ் மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் சிரித்துவிட்டார்.

முடிவு செய்வது உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோதான். ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு, தொண்டையில் மரக்கும் ஸ்பிரே, மயக்கத்துக்கு ஊசி, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து விரல் தடிப்பில் ஒரு குழாய். அம்மா பயந்தது குழாய்க்கு அல்ல, கட்டுப்பல்லுக்கு. பல்லைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, ஆம்பிளை டொக்டர் வெளியே போகும்வரை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே இருந்தார். தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீரும் குடிக்கக் கூடாது. அதுதான் அவருக்குப் பெரிய கோபம்.

தம்பி சென்னையில் இருப்பதால் அங்கேயே செய்வதென்று பேசி வைத்தோம். அங்குள்ளவர்கள் அந்த எக்கோவின் அசையும் படம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு பக்க அறிக்கையும் ஒரு சீடியும். சீடியைப் போட்டால் வெறுமை. எடுத்த இடத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பழைய படங்கள் அழிபட்டுட்டுது" என்றார். எடுத்து ஐந்து கிழமைதான். ரிசீட்டைக் காட்டினேன், மேலாளரிடம் போனேன், கத்தியும் பார்த்தேன். காசும் திரும்பவில்லை, படமும் இல்லை. அம்மா இரண்டாம் முறை வேறோர் இடத்தில் குழாய் விழுங்கினார். சீடியை அவர்களின் கணினியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இந்த அலைச்சலை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்: அறிக்கையை வைத்து யாரும் கிளிப் போடமாட்டார்கள், படத்தை வைத்துத்தான்.

இடையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். வாயிலிருந்து கிருமி இரத்தத்தில் போய் வால்வில் தங்கிவிடுமாம்.

சென்னையில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. முழு மயக்கம். வலத் தொடை நாளத்தால் ஏறி, இரண்டு மேலறைக்கும் நடுவில் உள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போய் இதழ்களைப் பிடித்தார்கள். முதலில் பிடித்தது சரியில்லை என்று விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தார்களாம். கழற்றிவிடும் வரைக்கும் அப்படி மாற்றலாம். மொத்தம் இரண்டு கிளிப். கசிவு முழுதாக நிற்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மறுநாள் நடக்க வைத்தார்கள். கொழும்பில் நாலு மாதம் அலைந்தது, அங்கே ஒரு முற்பகலில் முடிந்தது.

இப்போது ஒரே தலையணை. படியில் இரண்டாம் மாடியில் நிற்கிறார்தான், ஆனால் அது அங்கிருக்கும் அன்ரியோடு கதைக்க. போன கிழமை கொழும்பில் மறுபடி எக்கோ. நான் என் பென் டிரைவோடு போய், படம் ஏறி முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.