வீட்டு மேசையில் என் முதல் 32 கால் ஐசி

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சமையலறையிலேயே தெரிந்துகொள்ள அம்மாவுக்கு ஒரு சின்னக் கருவி செய்ய ஆசைப்பட்டேன். துளைகள் நிறைந்த டாட் போர்டில் செய்தது நன்றாகவே ஓடியது. ஆனால் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கவில்லை. சரி, எஸ்எம்டிக்கு, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சின்னப் பாகங்களுக்குப் போய்விடலாம் என்று பிசிபி (செம்புத் தடங்கள் உள்ள சர்க்யூட் போர்டு) வரைந்து 5 போர்டு வரவழைத்தேன். நடுவில் கருவியின் மூளையான ஏடிமெகா328பி என்ற ஐசி (சிப்): 7 மில்லிமீட்டர் சதுரம், பக்கத்துக்கு எட்டாக 32 கால்கள், காலுக்குக் கால் 0.8 மில்லிமீட்டர். ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் 0805 அளவு, அதாவது 2 மில்லிமீட்டர் நீளம், 1.25 அகலம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த மொத்தப் பொருளும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது.

என் கண்ணும் கையும் இதற்குப் போதாது என்பதுதான் முதல் பயம். அதனாலேயே சால்டரிங் அயர்னுக்கு ஊசி மாதிரி மெல்லிய முனையுள்ள பிட் வாங்கினேன். அது தவறு. மெல்லிய முனையில் சூடு போதுமான வேகத்தில் பாகத்துக்கு இறங்குவதில்லை. கிரவுண்டோடு (மின்சுற்றின் பொது எதிர்முனை) இணைந்த கால்களில் ஈயம் (பற்றவைக்கும் சால்டர்) உருகவே மறுத்தது, ஏனென்றால் அங்கே விரிந்து கிடக்கும் செம்பு சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பிட்டை மாற்றாமல் சூட்டை ஏற்றி, அழுத்தித் தேய்த்தேன். உலோகத்தைச் சுத்தமாக்கும் ஃப்ளக்ஸும் தனியாகப் போடவில்லை, ஈயக் கம்பிக்குள் இருப்பதே போதும் என்று நினைத்துவிட்டேன். நான்கு கால்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனபோது போர்டிலிருந்து ஒரு பேட் (காலை ஒட்டும் செம்புத் திட்டு) உரிந்து வந்துவிட்டது. அந்த போர்டு அதோடு போயிற்று. அன்றிரவு நிஜமாகவே மனம் உடைந்துபோனேன்.

மறுநாள் சிரிஞ்சில் வரும் ஜெல் ஃப்ளக்ஸும், உளி மாதிரி 2 மில்லிமீட்டர் பட்டை முனையும் வாங்கினேன். ஈயம் 63/37 கலவை (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு), 0.5 மில்லிமீட்டர் கம்பி. அது 183 டிகிரியில் உருகும், அயர்னை 330-இல் வைத்தேன்.

இந்த முறை ஐசியில்தான் தொடங்கினேன், சுற்றிலும் வேறு பாகம் இல்லாதபோது பிட்டுக்கு இடம் கிடைக்கும். மூலையில் உள்ள ஒரே ஒரு பேடில் கொஞ்சம் ஈயம் வைத்தேன். ஐசியின் முதல் காலைக் காட்டும் புள்ளியும் போர்டில் உள்ள குறியும் ஒரே மூலையில் இருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்தேன். சாமணத்தால் பிடித்து வைத்து அந்த ஒரு காலை மட்டும் ஒட்டினேன். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. நான்கு பக்கமும் கால்கள் பேடின் நடுவில் உட்காரும்வரை, அந்த ஒரு காலை உருக்கி உருக்கித் திருத்தலாம். எனக்கு மூன்று முறை ஆயிற்று. அப்புறம் எதிர் மூலையில் ஒரு காலை ஒட்டியதும் ஐசி அசையாது.

பிறகு நான்கு பக்கமும் ஃப்ளக்ஸைத் தாராளமாகப் பூசி, பிட்டில் துளி ஈயம் எடுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக இழுத்தேன். முந்தின நாள் முரண்டு பிடித்த அதே ஈயம் ஒவ்வொரு காலாகத் தேடிப்போய் உட்கார்ந்ததைப் பார்த்து மெய்சிலிர்த்தது. உருகிய ஈயம் சுத்தமான உலோகத்தில்தான் பரவும், பேடுகளுக்கு இடையிலுள்ள பச்சைப் பூச்சில் ஒட்டாது. உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை ஃப்ளக்ஸ் நீக்கிவிட்டால், ஈயத்தின் பரப்பு இழுவிசையே மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் சில நொடிகளிலேயே எரிந்து தீர்ந்துவிடுவதால் இழுப்பதற்கு அது போதாது. கடைசி இரண்டு கால்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செம்பு வலையை வைத்து மேலே பிட்டால் தொட்டதும் மிச்ச ஈயத்தை அது உறிஞ்சிக்கொண்டது.

0805 பாகங்கள் அதன் பிறகு சுலபம். ஒரு பேடில் ஈயம், அதை உருக்கியபடியே சாமணத்தால் பாகத்தைத் தள்ளி நிறுத்தல், பிறகு மறுபக்கம். செராமிக் கெபாசிட்டர் மேல் எதுவும் அச்சிட்டிருக்காது, அதனால் ஒரு மதிப்பை முடித்த பிறகே அடுத்த மதிப்பு அடைத்து வந்த டேப்பைப் பிரித்தேன். புகை முகத்தில் அடிக்காமல் இருக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கவில்லை.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் கொண்டு துடைத்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மின்சாரம் கொடுக்கும் முன் விசிசிக்கும் (மின்சாரம் வரும் முனை) கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்தேன். ஆனால் சிப்பில் நிரலை ஏற்றும் புரோகிராமரை மாட்டினால் சிப் பதிலே சொல்லவில்லை. புரோகிராமருக்குப் போகும் கால்களை ஒவ்வொன்றாக ஊசியால் லேசாகத் தள்ளிப் பார்த்ததில் 17-ஆவது கால் ஆடியது. கடிகாரத் துடிப்பு போகும் கால் அதுதான். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது, அடியில் பேடைத் தொடவே இல்லை. துளி ஃப்ளக்ஸ் விட்டு ஒரு நொடி பிட்டை வைத்தேன்.

மறுபடி இணைத்ததும் திரையில் 1இ 95 0எஃப் என்று அதன் அடையாள எண் வந்தது. நள்ளிரவு தாண்டியிருந்தும் அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.