கடைசித் தெருவுக்குத் தண்ணீர்: ஒரு வார்டைக் கணினிக்குள் கட்டிப் பார்த்த அனுபவம்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அப்போது நான் சென்னைப் புறநகரில் குடியிருந்தேன். எங்கள் தெருவில் குழாய் வந்தால் சம்ப் நிரம்பிவிடும். அதே குழாய் போய் முடிகிற தெருவில் பெண்கள் இரவு இரண்டு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். ஊருக்கே தண்ணீர் இல்லை, சரி. இருந்த கொஞ்சமும் ஏன் இப்படிப் பிரிந்தது என்ற கேள்வி எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

சில வருடம் கழித்து, புறநகர் உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் தண்ணீர் விநியோக முறையை மாற்ற யோசித்தார்கள். ஆய்வு மாணவனாக அதில் சேர்ந்தேன். நான் கையில் எடுத்தது ஏஜென்ட் மாடல். மொத்தத் தண்ணீரை மொத்த மக்களால் வகுக்கிற வழக்கமான கணக்கு இதில் கிடையாது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி ஆளாகக் கணினிக்குள் வைத்து, அது எப்படி முடிவெடுக்கும் என்று விதி எழுதி, எல்லா வீடுகளையும் சேர்த்து ஓடவிட்டு, என்ன ஆகிறதென்று பார்ப்பது. நெட்லோகோ என்ற இலவச மென்பொருளில் செய்தேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த முறை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது பாலித் தீவின் கதையால். 1970களில் அங்கே பசுமைப் புரட்சி என்ற பெயரில், முடிந்தபோதெல்லாம் நெல் நடச் சொன்னார்கள். நீர்க் கோயில்கள் வழியாகக் கிராமங்கள் சேர்ந்து முறைவைத்து நட்டுவந்த வழக்கம் குலைந்தது. பூச்சி பெருகியது, தண்ணீரும் தட்டுப்பட்டது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் அந்தப் பாசனக் குழுக்களைக் கணினியில் கட்டி ஓட்டினார்கள். பக்கத்துக் குழுவில் யாருக்கு நல்ல விளைச்சலோ அவர்களைப் பார்த்து நடவுமுறையை மாற்றிக்கொள்ளும் என்ற ஒரே விதியிலிருந்து, கோயில் முறை போன்ற ஒழுங்கு தானாக உருவானது. 1993இல் அதை வெளியிட்டார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றின் பயனை எண்களால் காட்டிய வேலை அது.

என் முதல் மாடல் பார்க்க அழகாக இருந்தது, ஆனால் தவறாக இருந்தது. ஒரு வீட்டுக்கு இத்தனை பேர், ஒரு ஆளுக்கு இத்தனை லிட்டர், குழாயில் வந்தால் எடுத்துக்கொள்ளும், வராவிட்டால் லாரி கேட்கும். அவ்வளவுதான். குழாய் வரைபடத்தை அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்திருந்தேன். வார்டில் வால்வு திறந்துவிடும் ஊழியரிடம் அதைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த வால்வு இறுகிப் போய் நாலு வருஷம் ஆச்சு. இங்க தண்ணி போகாது, இப்படிச் சுத்திப் போகும்” என்று பேனாவை வாங்கி வரைந்தார். அடுத்த மூன்று வாரம் அவர் பின்னாலேயே சைக்கிளில் சுற்றினேன். இந்த வேலையில் நான் செய்த சரியான காரியங்களில் அதுதான் முதலாவது.

இரண்டாவது, புளியங்கொட்டை. செனகல் ஆற்றுப் பாசனத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தங்கள் மாடலை விளையாட்டாக மாற்றி, விவசாயிகளையே ஆடச் சொல்லி, அதன் விதிகள் சரியா என்று பார்த்ததைப் படித்திருந்தேன். நானும் விளையாட்டிலிருந்தே விதிகளைத் தெரிந்துகொள்ள நினைத்தேன். அங்கன்வாடிக் கூடத்தில் வார்டுப் பெண்களை உட்காரவைத்து, ஒரு கொட்டை ஒரு குடம் என்று வைத்து ஆடினோம். நாளைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாதபோது எல்லாரும் தேவைக்கு மேல் அள்ளினார்கள். ஒரு அக்கா கையிலிருந்த கொட்டைகளை ஓரமாகக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “புதுத் தண்ணி வந்தா பழசைக் கொட்டிட்டுத்தானே பிடிப்போம், தம்பி?” மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விதி அது. நிச்சயமில்லாத பயத்தில் சேர்த்துவைத்த தண்ணீரில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால், இந்த வீட்டுக்கு வருவது குறையும். இரண்டு மூன்று முறை பொறுத்துப் பார்த்துவிட்டு இவர்களும் மோட்டார் வாங்குவார்கள். சட்டப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் பேராசை கிடையாது, குழந்தைக்குப் பால் காய்ச்சத் தண்ணீர் வேண்டும் என்கிற கவலைதான். ஆனால் அந்தச் சின்னச் சின்னக் கவலைகள் சேர்ந்துதான் கடைசித் தெருவைக் காயவைக்கின்றன.

விதிகளை எல்லாம் மாற்றினேன். நாளுக்கு ஒரு முறை கணக்கிட்டு ஓடிய மாடலை, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்கிடும்படி ஆக்கினேன். ஏனென்றால் மோட்டார் போட்டி முதல் அரை மணியிலேயே முடிந்துவிடுகிறது, நாள் கணக்கில் பார்த்தால் அது கண்ணிலேயே படாது. விதிகளைத் தமிழில் வரிவரியாக எழுதி அதே கூடத்தில் வாசித்தேன். “இது எங்க தெருதான்” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கொள்கை யோசனைகளைச் சோதித்தேன்.

முதல் யோசனை, தண்ணீர் வரும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பது. இது நிச்சயம் உதவும் என்று நினைத்தேன். மாடலில் பதுக்கல் குறைந்தது, பழைய தண்ணீரைக் கொட்டுவதும் குறைந்தது. ஆனால் கடைசித் தெருவுக்கு முன்பைவிட மோசமானது! நேரம் தெரிந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நிமிடத்தில் ஓடத் தொடங்கின. இரண்டாவது யோசனை, வால்வை வைத்து வார்டை இரண்டாகப் பிரித்துக் கடைசிப் பகுதிக்கு முதலில் விடுவது. அதை மட்டும் செய்தால், எப்போது வரும் என்று தெரியாத முன்பகுதி வீடுகள் இன்னும் அதிகம் பதுக்கின. இரண்டையும் சேர்த்துச் செய்தபோதுதான் நிலைமை மாறியது. ஒவ்வொரு யோசனையையும் இருநூறு முறை ஓட்டினேன், ஒரு முறை வந்த முடிவு தற்செயலாக இருக்கலாம் என்பதால். இரண்டும் சேர்ந்த வழிதான் ஏறக்குறைய எல்லா ஓட்டத்திலும் கடைசித் தெருவுக்கு நல்லதாக வந்தது.

அலுவலகக் கூட்டம்தான் கஷ்டமாக இருந்தது. கொரோனா காலத்தில், 2020இல், இந்திய அறிவியல் கழகமும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு, மும்பை நகர மக்களை இப்படிக் கணினியில் கட்டியதைச் சிலர் அறிந்திருந்தார்கள். அதனால் மாடல் என்றதும் எண் எதிர்பார்த்தார்கள். “எத்தனை லாரி குறையும், ஒரு நம்பர் சொல்லுங்க சார்.” பழைய மாடல் காலத்தில் கேட்டபோது நான் சராசரியைச் சொல்லியிருந்தேன். அது அவர்கள் குறிப்பில் ஏறிவிட்டது. மாடலைத் திருத்தியதும் எண் மாறியது, “போன தடவை வேற சொன்னீங்களே” என்று நம்பிக்கை போனது. அதைச் சொன்னது என் தவறு. இந்த முறை எண்ணைத் தரவில்லை. தெரு வரைபடத்தில் மூன்று யோசனைகளையும் நிறத்தில் காட்டி, “நீங்களே விதியை மாற்றிப் பாருங்கள்” என்று கணினியை அவர்கள் பக்கம் திருப்பினேன். பொறியாளர் ஒருவர் அரை மணி நேரம் வால்வு நேரங்களை மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு வார்டில் இரண்டு மாதம் செய்துபார்க்க ஒப்புக்கொண்டார்கள்.

மாடல் சரியா என்று பார்க்கப் புகார்ப் பதிவேட்டோடு முதலில் ஒப்பிட்டேன். கடைசித் தெருவிலிருந்து புகாரே குறைவு. சொல்லிச் சொல்லி ஓய்ந்து, விட்டுவிட்டார்கள். புகாரை மட்டும் பார்த்துக் கொள்கை எழுதினால் அந்தத் தெரு காகிதத்தில் வளமாகத்தான் தெரியும். அதன் பிறகு லாரிப் பதிவேட்டோடும், எந்த மணிக்கு எந்தத் தெருவில் குடம் நிரம்பியது என்று பெண்கள் குறித்துத் தந்த தாளோடும் ஒப்பிட்டேன்.

சோதனையின் முதல் வாரம் முன்தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் அமைதியானது. கடைசித் தெருவில் மாலை ஆறு மணிக்கே தண்ணீர் வந்தது. ஆனால் சில நாட்களில் மட்டும் திடீரென வராமல் போனது. மாடலில் எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை. வால்வு ஊழியர்தான் சொன்னார்: “அதெல்லாம் முகூர்த்த நாள், தம்பி. நடுத்தெருவுல கல்யாண மண்டபம் இருக்கே.”

என் மாடலில் வீடுகள் மட்டுமே இருந்தன. மண்டபத்தையும் இரண்டு உணவகங்களையும் சேர்த்து, பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்த நாட்களை உள்ளே போட்டேன். மண்டபத்துக்கு மட்டும் காலையிலேயே தனியாக லாரி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆவணியில் முகூர்த்தம் தொடங்குவதற்குள் முடித்துத் தருகிறேன் என்று வால்வு ஊழியரிடம் சொல்லியிருக்கிறேன்.