ஆசாரம் விட்டவர்களும் ரப்பியும்

விதியை மீறி ஓய்வுநாளில் கார் ஓட்டுகிற, உணவு விலக்குகளைப் பெரிதாகக் கருதாத யூதர்கள்கூட, திருமணம், அறுவைச் சிகிச்சை, தொழில் என்று வரும்போது ஒரு ரப்பியை, அதாவது யூத மதகுருவை, தேடிப் போவது முரணாகத் தோன்றலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் 770, ஈஸ்டர்ன் பார்க்வே என்ற முகவரியில் 1951 முதல் லுபாவிச் ஹசிதியர்கள் என்ற ஆசார யூத இயக்கத்தாருக்குத் தலைவராக விளங்கிய மெனாகெம் மெண்டல் ஷ்னியர்சனை நாடி வந்தவர்களைப் பற்றிப் படித்தபோது, அது முரணே அல்ல என்று எனக்குப் பட்டது.

ஆசாரம் தவறாதவர் ரப்பியிடம் கேட்பது பெரும்பாலும் சட்டம்: பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்ற விதியிருக்க, பால் கரண்டி இறைச்சிப் பாத்திரத்தில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது போன்ற கேள்விகள். விடை கிடைத்தபின் அதன்படி நடந்தாக வேண்டும். ஆசாரத்தை விட்டவருக்கு அந்தக் கேள்விகள் எழுவதில்லை; தன் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. அதில் குடும்பத்தாருக்கு ஆசையோ அச்சமோ இருக்கும், ரப்பிக்கு இராது. சொன்னதைக் கேட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால் மனம்விட்டுப் பேச முடிகிறது.

ஷ்னியர்சன் பெர்லினிலும் பாரிசிலும் படித்தவர். நள்ளிரவு தாண்டியும் நீண்ட தனிச் சந்திப்புகளில், முதலில் ஆசாரமாக மாறி வா என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. நோய்க்கு மருத்துவரையும் தொழிலுக்கு அதை அறிந்த நண்பர்களையும் கேட்கச் சொன்னார். கூடவே, வாசல் நிலையில் மெசூசா என்ற மறைவசனச் சுருளைப் பதிப்பது, ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றுவது என்று ஒரு சிறு கடமையையும் வலியுறுத்துவார். (இயக்கம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

இஸ்ரேலில் கதை வேறு. மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பங்களில், ஐரோப்பிய யூதரிடையே போல ஆசாரக்காரர், மதச்சார்பற்றவர் என்ற கறாரான பிரிவினை இருந்ததில்லை. மொரோக்கோவிலிருந்து வந்து 1984இல் மறைந்த ரப்பி பாபா சாலிக்குத் தென் இஸ்ரேலின் நெடிவோட் ஊரில் உள்ள கல்லறைக்கு, ஓய்வுநாளை முழுமையாகக் கடைப்பிடிக்காதவர்களும் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு இது பாட்டி காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி.

1994இல் ஷ்னியர்சன் மறைந்தபின், நியூயார்க்கின் குயின்சில் உள்ள அவருடைய கல்லறையில் மக்கள் தம் பெயரையும் தாயின் பெயரையும் எழுதி, வேண்டுதலைப் படித்து, தாளைக் கிழித்து உள்ளே போடுகிறார்கள். சிலர் அவருடைய கடிதத் தொகுதி ஒன்றைக் கண்ட இடத்தில் திறந்து, வருகிற பக்கத்தையே பதிலாகக் கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடிதம் வேறொருவருடைய நிலையை விசாரித்து அறிந்தபின் எழுதப்பட்டது. இப்போது புத்தகத்தைத் திறப்பவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.