45 வாட் விளக்கும் பேப்பர் லாமா வேனும்

மீன் தொட்டிக்கு விளக்கு வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியை ஒரு மாதமாவது வைத்திருங்கள். என் வீட்டில் பேப்பர் லாமா வேன் (பழைய பேப்பர் எடுக்க வருகிற வேன்) வந்த அன்று, பழைய நாளிதழ்களோடு அம்மா அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். ரசீதும் உள்ளேதான் இருந்தது.

என்னுடையது இரண்டடித் தொட்டி, சுமார் 60 லிட்டர். உள்ளே நீர்ச்செடிகள்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் கிரிப்டோகோரைன். மூன்றும் மங்கல் வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும். செடிக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிஓ2 சிலிண்டர் கிடையாது. இத்தனையும் சொல்லித்தான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கேட்டேன். “வாட் கூடக் கூட செடி பிச்சிக்கிட்டு வளரும்ண்ணே” என்று அங்கிருந்த தம்பி 45 வாட் எல்இடியை எடுத்து வைத்தார். 180 வெள்ளி (ரிங்கிட்). நானும் தலையாட்டினேன்.

காலையில் போட்ட விளக்கைத் தூங்கப் போகும்போதுதான் அணைப்பேன். மூன்றாவது வாரம் அனுபியாஸ் இலையெல்லாம் பச்சைப் புள்ளி, ஃபெர்னில் தலைமுடி போலப் பாசி. பழைய வங்கி அட்டையால் கண்ணாடியைச் சுரண்டியே விரல் வலித்தது.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சம் அல்ல. கேலனுக்கு இத்தனை வாட் என்ற கணக்கெல்லாம் குழல் விளக்குக் காலத்தோடு போயிற்று. நல்லவேளை, பெட்டியைக் கடையில் படம் எடுத்திருந்தேன்: 3600 லூமென், விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு அதுதான். அதாவது லிட்டருக்கு 60 லூமென். சிஓ2 இல்லாத தொட்டிக்கு 15, 20 இருந்தாலே போதும். வெளிச்சத்துக்கு ஈடாகச் செடிக்குச் சிஓ2 கிடைக்காவிட்டால், மிச்ச வெளிச்சம் பாசிக்குத்தான் விருந்து.

மாற்றித் தரக் கேட்கலாம் என்று பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறினேன். இறங்கியதும் மழை. நனைந்தபடி போய் இ-வாலட்டில் பணம் கட்டிய பதிவைக் காட்டினால், “பெட்டி எங்கண்ணே?” என்கிறார். பெட்டி இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். அன்று வாட் கணக்குச் சொன்னவரும் இதே தம்பிதான்!

கடைசியில் காப்பாற்றியது வெளிச்சத்தைக் குறைக்கும் 25 வெள்ளி டிம்மர். அதிலும் முதலில் வந்தது சேரவில்லை. அடாப்டர் முனை வெளியே 5.5 மி.மீ. என்று ஒரே மாதிரி தெரிந்தாலும், உள்ளே 2.1, 2.5 என்று இரண்டு அளவு உண்டு. டிம்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பாருங்கள். என் விளக்கு 24 வோல்ட், கடையில் பாதி 12-க்கானவை.

இப்போது வெளிச்சம் 30 சதவீதம், டைமர் போட்டு ஆறு மணி நேரம். புள்ளி விழுந்த பழைய இலைகள் தேறவில்லை, வெட்டிவிட்டேன். புது இலை மூன்று வந்திருக்கிறது, மூன்றும் சுத்தம். டிம்மர் வந்த பெட்டி அலமாரி மேல் இருக்கிறது. “இந்தக் குப்பையை எதுக்குடா வச்சிருக்க?” என்று அம்மா தினமும் கேட்கிறார்.