விதைக்கிழங்கு முதல் மாசி வெயில் வரை

நவம்பர் 9
விதைக்கு வைத்த உருளைக்கிழங்கில் முளை அரை அங்குலம், தடித்து ஊதா நிறத்தில் இருக்கிறது. வெளிச்சம் படும் நிழலில் வைத்ததன் பலன். இருட்டில் வைத்தால் வெளிறி நீண்டு, தொட்டாலே ஒடியும். புதுக்கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறக்கத்தில் இருக்கும், விதைக்கு ஆகாது. கொடைக்கானல் கிழங்கும் வேண்டாம். அந்த மண்ணில் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இங்கே மதுரைக்கு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது.

நவம்பர் 12
மழை விடவில்லை. ஈர மண்ணில் வெட்டுத்துண்டு அழுகும். துண்டு 40 கிராமுக்குக் குறையாமல், இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, சாம்பலில் புரட்டி நிழலில் கிடக்கிறது.

நவம்பர் 16
நட்டாயிற்று. கரிசல் இறுகினால் கிழங்கு கோணிப்போகும். அதனால் செம்மண், மணல், மட்கிய சாணம் கலந்து ஒரு அடி மேட்டுப்பாத்தி. வரிசைக்கு இடையே ஒன்றரை அடி, செடிக்குச் செடி முக்கால் அடி. மாடிப் பை மதுரைக்குச் சரிவராது, பகலில் மண் கொதிக்கும்.

டிசம்பர் 10
இரவு 23 டிகிரி. இருபதை ஒட்டி இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். சூட்டில் செடி பகலில் சேர்த்ததை இரவு மூச்சிலேயே கரைத்துவிடும், தழைதான் மண்டும். யூரியா போட்டால் இன்னும் மோசம். வைக்கோல் மூடாக்கு போட்டாயிற்று. தண்ணீர் வேரடியில் மட்டும்.

டிசம்பர் 17
மண் அணைத்தாயிற்று, தண்டில் பாதி உயரத்துக்கு. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும். அதிலுள்ள சோலனின் வேகவைத்தாலும் போகாது.

டிசம்பர் 18
இரவு 22.

டிசம்பர் 29
ஈரம் இருந்தும் ஒரு செடி வாடல். தண்டை அறுத்து டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தாயிற்று. பால் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியை மண்ணோடு அள்ள வேண்டும், அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்கக்கூடாது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அடியில் வேர்ப்புழு. பொறுக்கியாயிற்று.

ஜனவரி 5
இரவு 19! ஓரத்தில் கிளறினால் கோலிக்குண்டு அளவில் கிழங்கு!

ஜனவரி 14
காயவிட்டுப் பிறகு வெள்ளமாய் விட்டால் கிழங்கு வெடிக்கும். பொங்கல் வேலையிலும் இன்று தண்ணீர் தவறவில்லை.

ஜனவரி 30
அடியிலை மஞ்சள். தண்ணீரை நிறுத்தியாயிற்று.

பிப்ரவரி 6
தண்டுகளை அறுத்தாயிற்று. தோல் இறுகப் பத்து நாள் மண்ணிலேயே கிடக்கட்டும்.

பிப்ரவரி 14
மாசி பிறந்துவிட்டது, பகல் 34. கட்டைவிரலால் தேய்த்தால் இன்னும் தோல் உரிகிறது. சூட்டு மண்ணில் அதிக நாள் விட்டால் நடு கறுக்கும். மூடாக்கை இரட்டிப்பாக்கியிருக்கிறேன்.